1920களின் உடையை வீட்டில் தைக்க: முதலில் குஞ்சத்தை மறந்துவிடுங்கள்

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் ஒரு நாடகம் போடுகிறோம். கதை 1926இல் நியூயார்க்கில் நடக்கிறது. கதாநாயகிக்கும் அவள் அம்மாவுக்கும் நான்தான் உடை தைக்கிறேன். இணையத்தில் தேடினால் குஞ்சம் தொங்கும் குட்டை உடைதான் வருகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் நிஜமாகவே அதைத்தான் போட்டார்களா? வீட்டில் எப்படித் தைத்தார்கள்? பேட்டர்ன் (துணி வெட்டும் மாதிரித் தாள்) எங்கே கிடைக்கும்? பிளவுஸும் சுடிதாரும் தைக்கத் தெரிந்த என்னால் முடியுமா?"

முடியும். டார்ட் (உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடித்து, கை சுற்றளவு கால் அங்குலம் பிசகாமல் பிளவுஸ் தைக்கிறவருக்கு இந்தத் தையல் ஒன்றுமே இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்போடு ஒட்டவைத்தே பழகிய கை, இங்கே ஒட்டாமல் விட வேண்டும். 1920களின் உடை தோளிலிருந்து தொங்கும், சீட்டில் (இடுப்புக்குக் கீழே பின்பக்கம் அகலமான இடம்) லேசாகத் தங்கும், நடுவில் எங்கும் உடம்பைப் பிடிக்காது. அதனால்தான் சாதாரண வீட்டுப் பெண்களால் பாரிஸ் நாகரிகத்தைத் தங்கள் தையல் மெஷினிலேயே தைத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் உடைகளுக்கு உள்ளே எலும்புப் பட்டி, இறுக்கமான லைனிங், வரிசையாக ஊக்கு என்று அவ்வளவு வேலை இருந்தது. நல்ல தையல்காரி இல்லாமல் அதைத் தொட முடியாது.

குஞ்சத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1920களின் நாகரிக இளம்பெண்ணை ஃப்ளாப்பர் என்பார்கள். வாடகைக் கடைகளில் 'ஃப்ளாப்பர் டிரஸ்' என்று தொங்குவது, பாலியஸ்டர் குஞ்சத்தை வரிசை வரிசையாக வைத்துத் தைத்த, தொடை தெரியும் உடை. 1950, 60களில் எடுத்த படங்கள் 1920களைக் காட்டிய விதம்தான் பெரும்பாலும் அதற்கு மூலம். மாறுவேட உடை விற்பவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அன்று குஞ்சம் வைத்த உடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடனத்துக்குப் போகும் மாலை உடைகளில் சில இருந்தன. பட்டு நூல் குஞ்சம், நல்ல கனம், விலையும் அதிகம். தோளில் போடும் பெரிய ஸ்பானிஷ் சால்வைகளில் குஞ்சம் நிறையவே இருந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் எந்த ஆண்டிலும் உடையின் விளிம்பு தொடைக்கு ஏறியதில்லை. மிகக் குட்டையாக இருந்த 1926, 27, 28லேயே முழங்காலுக்குச் சற்றுக் கீழே, அல்லது முழங்காலைத் தொட்டு நின்றது. ஆடும்போதும் உட்காரும்போதும் முழங்கால் தெரிந்தது. அதற்கே பெரியவர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள்.

நீங்கள் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று. 1920கள் முழுக்க ஒரே உடை என்று நினைப்பதுதான் பெரும்பாலான மேடை உடைகளைக் கெடுக்கிறது. 1920இல் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. 1922, 23இல் மறுபடி கணுக்கால் பக்கம் இறங்கியது. 1924இலிருந்து ஏறத் தொடங்கி, 1926இல் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. இடுப்புக் கோடும் கூடவே நகர்ந்தது. பத்தாண்டின் தொடக்கத்தில் இயல்பான இடுப்புக்குச் சற்றுக் கீழே தளர்வாக இருந்தது, நடுவில் சீட் வரை இறங்கிவிட்டது. 1927, 28இல் வடிவமைப்பாளர்கள் நீளத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒரே அடியாக இறக்கினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் பின்பக்கம் மட்டும் நீளம், பக்கத்தில் தொங்கும் முக்கோணத் துண்டு, கைக்குட்டை முனைபோல் விளிம்பு என்று இழுத்தார்கள். 1929இல் ழான் பாட்டூ தன் தொகுப்பில் இடுப்பை மேலே ஏற்றிப் பாவாடையைக் கீழே இறக்கினார். அத்தோடு இந்தக் குழாய் வடிவத்தின் காலம் முடிந்தது.

உங்கள் கதாநாயகி 1926. ஆகவே முழங்காலுக்குக் கீழே இரண்டு, மூன்று அங்குலம். அம்மாவுக்கு அதைவிட நான்கு அங்குலமாவது நீளம் வையுங்கள். வயதான பெண்கள் அன்றைய நாகரிகத்தை ஓரிரு ஆண்டு பின்தங்கித்தான் உடுத்தினார்கள். அந்த நீள வித்தியாசமே மேடையில் அம்மாவையும் மகளையும் பிரித்துக் காட்டிவிடும்.

அந்த ஆண்டில் ஊர் பேசிய உடை ஒன்று உண்டு. 1926 அக்டோபரில் அமெரிக்க வோக் பத்திரிகை பாரிஸ் வடிவமைப்பாளர் ஷனெலின் ஒரு கறுப்பு உடையைப் படம் வரைந்து போட்டது. நீளக் கை, கிரேப் டி ஷீன் துணி, அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டு எழுதினார்கள். எல்லோரும் வாங்கும், எல்லோருக்கும் பொருந்தும், கறுப்பு நிறத்தில் வரும் சாமான் என்ற பொருளில். தைக்கிற கண்ணோடு அந்தப் படத்தைப் பார்த்தால் அதில் பயமுறுத்தும்படி எதுவும் தெரியாது. அதே பாரிஸில் மதலேன் வியோனே துணியைக் கிராஸில், அதாவது இழைக்கு மூலைவாக்கில், வெட்டிச் செய்த உடைகள் வேறு ரகம். பார்க்க எளிமையாக இருக்கும், வெட்டும்போதுதான் கைநடுங்கும். கிராஸ் வெட்டு தொங்கத் தொங்க நீளும், மெஷினில் இழுபடும். முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி வடிவம். மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைய ஆசை. அதற்காக மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடைகள் விற்றன. இங்கிலாந்தில் மார்க்கெட் ஹார்பரோ ஊரின் சிமிங்டன் கம்பெனி இரண்டு பக்கமும் நாடா வைத்து இறுக்கும் ஒன்றைச் செய்தது. அது இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயல்பாகவே ஒல்லியான பெண்கள் ஒரு பட்டைத் துணியோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் நடிகையை இறுக்கிக் கட்டச் சொல்லவில்லை. பேட் வைத்த, தூக்கிக் காட்டும் பிரா மட்டும் வேண்டாம். மென்மையான ஸ்போர்ட்ஸ் வகை போதும். இதைச் சொல்லாமல் விட்டால், நீங்கள் எவ்வளவு சரியாகத் தைத்தாலும் முன்பக்கம் கூடாரம்போல் நிற்கும். அப்புறம் பழி தையல்மேல் விழும். பெரிய மார்பு உள்ளவருக்கு அன்றைய பேட்டர்ன்களும் வழி வைத்திருந்தன. தோள் தையலை ஒட்டி நாலைந்து சின்ன மடிப்பு, அல்லது அக்குளுக்குக் கீழே பக்கத் தையலிலிருந்து ஒரு சிறு டார்ட். இடுப்பிலிருந்து மேலே போகும் டார்ட் கூடவே கூடாது.

இதையெல்லாம் அந்தக் காலத்துப் பெண் எங்கிருந்து கற்றாள் என்பதில்தான் எனக்கு ருசி. ரெடிமேட் உடை அப்போதே கடைகளிலும் தபால் கேட்டலாக்குகளிலும் மலிந்துகொண்டிருந்தது. தைப்பதை விட்டுவிட அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவளைப் பிடித்து வைக்கப் பேட்டர்ன் கம்பெனிகள் போட்டி போட்டன. அமெரிக்காவில் அளவுவாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்பதை 1863இல் தொடங்கியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எபனீசர் பட்டரிக் என்ற தையல்காரர். 1870இல் மெக்கால் வந்தது. வோக் 1899இல் வாரம் ஒரு பேட்டர்ன் கொடுக்க ஆரம்பித்து, பிறகு அதற்கென்றே தனிக் கம்பெனி வைத்தது. 1927இல் வந்த சிம்ப்ளிசிட்டி பதினைந்து சென்ட்டுக்கு விற்று மற்றவர்களின் விலையை அடித்தது. மெக்காலும் பட்டரிக்கும் அன்று கால் டாலர் முதல் அரை டாலர் வரை வாங்கிக்கொண்டிருந்தன.

அந்த உறையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? மெல்லிய டிஷ்யூ தாள் துண்டுகள். அவற்றின்மேல் ஒரு எழுத்தும் இருக்காது, ஒரு கோடும் இருக்காது. ஓட்டைகள்தான் இருக்கும். பெரிய ஓட்டைகள் வரிசையாக வந்தால் அந்த வரிசையைத் துணியின் நேர் இழையில் வைக்க வேண்டும். சின்ன ஓட்டைகள் டார்ட்டையோ மடிப்பையோ காட்டும். துணி மடிப்பில் வைக்கும் விளிம்புக்கு வேறு வகை ஓட்டை. விளிம்பில் வெட்டிய சிறு வாய் எந்தத் துண்டு எதோடு சேரும் என்று சொல்லும். எந்த ஓட்டைக்கு என்ன பொருள் என்பது உறைமேல் அச்சடித்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். உறையைத் தொலைத்தவளுக்கு உள்ளே இருப்பது வெறும் ஓட்டைக் காகிதம்.

1920களின் தொடக்கத்தில் மெக்கால் இதை மாற்றியது. தாளிலேயே வெட்டும் கோடு, தைக்கும் கோடு, துண்டின் பெயர் எல்லாம் அச்சடித்துக் கொடுத்தது. காப்புரிமை அவர்கள் கையில் இருந்ததால் மற்றக் கம்பெனிகள் நெடுங்காலம் ஓட்டைத் தாளையே விற்க வேண்டியிருந்தது. பட்டரிக் வேறு வழி பிடித்தது. 'டெல்டர்' என்று ஒரு பெரிய விளக்கத் தாளை உறையில் வைத்தது. எந்த அளவுக்கு, எத்தனை அங்குல அகலத் துணியில், எந்தத் துண்டை எங்கே வைத்தால் துணி மிச்சமாகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். அடுத்து எதை எதோடு சேர்ப்பது என்று வரிசையாகப் படங்கள். இன்றைக்கு எந்தப் பேட்டர்ன் வாங்கினாலும் கூடவே வரும் விளக்கத் தாளுக்கு முன்னோடி அதுதான். ஒரு கஜம் துணி மிச்சமானால் பேட்டர்ன் காசு திரும்பிவிட்டது என்பது அவர்களின் விளம்பரக் கணக்கு. ஜார்ஜெட் வாங்குகிறவருக்கு அது பொய்க் கணக்கும் இல்லை.

பேட்டர்னும் வாங்க முடியாதவர்கள், கடை பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஊர் வருகிறது. அது நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே தபால்வழிக் கல்வி நடத்திய பெரிய நிறுவனத்தின் துணையோடு 1916இல் பெண்களுக்கென்று 'உமன்ஸ் இன்ஸ்டிடியூட்' தொடங்கியது. அதன் பாடங்களை உருவாக்கியவர் மேரி புரூக்ஸ் பிக்கன். தையலும் சமையலும் தொப்பி செய்வதும் தபாலில் போயின. கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீட்டில் இருக்கும் பெண் மாதிரித் துணித் துண்டைத் தைத்து அனுப்பினால், திருத்தக் குறிப்போடு திரும்பி வரும். 1920களின் நடுவில் அவர்கள் வெளியிட்ட சிறு புத்தகம் ஒன்று பெரும் பெயர் எடுத்தது. 'ஒரு மணி நேர உடை' என்று பெயர். பேட்டர்ன் தாளே வேண்டாம், டேப்பும் சாக்பீஸும் கத்திரிக்கோலும் போதும், ஒரு மணி நேரத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பலாம் என்றது. ஒரு மணி நேரம் என்பது விளம்பரம். புதிதாகத் தைக்கிறவருக்கு ஒரு சாயங்காலம் ஆகும். ஆனால் வெட்டு நிஜமாகவே கெட்டிக்கார வெட்டு. உங்கள் கதாநாயகிக்கு அதைத்தான் சொல்வேன்.

அந்த வெட்டு முறையை இன்றைய 44 அங்குல அகலத் துணிக்கும், ஐந்தடி இரண்டு அங்குல உயரத்துக்கும், 38 அங்குல சீட் அளவுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அடி மடிப்புக்கு மூன்று. ஆக 40. முன்னும் பின்னும் சேர்த்து 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டே கால் மீட்டர் வாங்கிவிடுங்கள்.

துணியைக் குறுக்காக இரண்டாக மடியுங்கள். அந்த மடிப்புதான் தோள். தோளில் தையலே கிடையாது. பிறகு நீளவாக்கில் ஒரு மடி. அது முன் நடு, பின் நடு. இப்போது நாலு அடுக்கு, 22 அங்குல அகலம், 40 அங்குல நீளம். இரண்டு மடிப்பும் சேரும் மூலைதான் கழுத்து. அந்த மூலையிலிருந்து தோள் மடிப்பில் ஐந்தேகால் அங்குலம் குறியுங்கள். கழுத்து படகு வடிவம். பின்பக்கம் அரை அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலம் இறக்கம். முன்பக்க இறக்கத்தைப் பிரித்துத் தனியாக வெட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். தலை நுழையச் சிரமமாக இருந்தால் இடது தோளில் மூன்று அங்குலம் திறந்து பிரஸ் பட்டன் வைக்கலாம். அன்றும் அப்படித்தான் செய்தார்கள். ஜிப் வைக்க வேண்டாம், பெண்கள் உடையில் அது அப்போது வரவில்லை.

அடுத்து உடம்புப் பகுதி. 38 சீட்டுக்கு நாலு அங்குலம் தளர்வு சேர்த்தால் 42. அதில் கால் பங்கு பத்தரை, தையலுக்கு அரை, ஆக 11. தோள் மடிப்பிலிருந்து ஒன்பது அங்குலம் இறங்கி, வெளி விளிம்பிலிருந்து உள்ளே வந்து, நடு மடிப்பிலிருந்து 11 அங்குலத்தில் திரும்பி நேராகக் கீழே போங்கள். திரும்பும் இடம் அக்குள். அங்கே கூர்மையாக வெட்டாமல் சின்ன வளைவு கொடுங்கள். கை தனியாக வெட்டிப் பொருத்த வேண்டியதில்லை, அதே துணியில் முழங்கைப் பக்கம் வரை வந்துவிடும். நேராக இறங்கிய கோடு 21 அங்குலத்தில், அதாவது சீட் உயரத்தில் நிற்கட்டும். அங்கே குறுக்காக வெளியே போய், நடுவிலிருந்து 18 அங்குலத்தில் திரும்பிக் கீழே அடி விளிம்பு வரை நேர்கோடு.

இப்போது அந்தக் கெட்டிக்காரத்தனம். சீட் கோட்டில் வெட்டை உடம்புக்குள்ளும் நாலு அங்குலம் கொண்டுபோங்கள், நடுவிலிருந்து ஏழு அங்குலத்தில் நிறுத்துங்கள். நடுவில் 14 அங்குலம் வெட்டுப்படாமல் தோளிலிருந்து அடி வரை ஒரே துணியாக விழும். இரண்டு பக்கமும் பாவாடையின் 11 அங்குல விளிம்பு தனியாக நிற்கும். அதைச் சுருக்குப் பிடித்தோ கொசுவம் வைத்தோ, மேலே இருக்கும் நாலு அங்குலத்தோடு சேர்த்துத் தையுங்கள். முன்னால் பார்த்தால் நேரான குழாய். நடந்தால், ஆடினால், இரண்டு பக்கமும் விரியும். சார்ல்ஸ்டன் ஆடக் கால் வீச வேண்டாமா? வெட்டு நிற்கும் மூலை கிழிந்துபோகும் இடம். அதன் பின்னால் ஒரு ரூபாய் அளவு துணித் துண்டு வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மிச்சம் விழும் துண்டுகளில் சீட்டைச் சுற்றிக் கட்டும் பட்டி வந்துவிடும். அந்தப் பட்டி சேர்ப்பைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

பக்கத் தையலைப் பிரெஞ்ச் தையலாகப் போடுங்கள். மெல்லிய துணியில் பிசிறு வெளியே தெரியாது. கழுத்துக்கும் கை முனைக்கும் வேறு நிறத்தில் கிராஸ் பட்டி வைத்தால் அந்தக் காலத்து முகம் வந்துவிடும். ஜார்ஜெட்டில் தைத்தால் விளிம்புக்கு இன்னொரு வழி. அன்றைய பெண்கள் உடையைத் தைத்து முடித்ததும் அதற்கென்று மெஷின் வைத்திருந்த கடைக்குக் கொண்டுபோய், வரிசையாகத் துளை விழும் ஒரு தையலை அடித்து, துளைகளின் நடுவே வெட்டிப் பல் பல்லான மெல்லிய விளிம்பு செய்துகொள்வார்கள். நாம் புடவைக்கு பிகோ அடிக்கக் கொடுப்பதுபோலத்தான். உங்கள் ஊர் பிகோக் கடைக்காரரிடமே கொடுங்கள், ஏறத்தாழ அதே தோற்றம் கிடைக்கும்.

துணி எது என்று தடுமாற வேண்டாம். கையில் பிடித்தால் வழிந்து விழ வேண்டும், நிற்கக் கூடாது. கிரேப், ஜார்ஜெட், மெல்லிய மல் எல்லாம் சரி. குர்த்திக்கு விற்கும் ரேயானும் சரிதான். சரி மட்டுமல்ல, சரித்திரப்படியும் சரி. செயற்கைப் பட்டு என்று விற்றுவந்த இழைக்கு அமெரிக்க வியாபாரிகள் 1924இல்தான் ரேயான் என்று பெயர் வைத்தார்கள். பட்டு வாங்க முடியாத பெண்கள் அதைத்தான் போட்டார்கள். ஆர்கன்சா, ரா சில்க், கெட்டியான பாலியஸ்டர் சாட்டின் இவை மூன்றும் வேண்டாம். ஜார்ஜெட் எடுத்தால் அதோடு சேர்த்து லைனிங் தைக்காதீர்கள். தனியாக, மெல்லிய தோள்பட்டை வைத்த நேரான உள்பாவாடைச் சட்டை ஒன்று தைத்து உள்ளே போட வேண்டும். லைனிங் சேர்ந்தால் உடை விறைத்துப்போகும். நல்ல துணியில் கைவைக்கும் முன் ஒரு பழைய வேட்டியில் வெட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்வேன். வேட்டித் துணி விழும் விதம் மல்லுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

பார்ட்டிக் காட்சி இருந்தால் மணிவேலை வைக்க ஆசை வரும். 1920களின் மணி உடைகள்தான் இன்றும் ஏலத்தில் பேசப்படுகிறவை. பட்டு ஜார்ஜெட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டு, துணியின் பின்பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகளைக் கோத்தார்கள். பிரான்ஸின் லூனேவில் ஊர் அதற்குப் பெயர்பெற்றது. அந்தக் கொக்கி ஊசி நம் ஆரி ஊசியின் சொந்தக்காரன்தான். இந்தியப் பக்கமிருந்துதான் அந்தத் தையல் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது என்பார்கள். ஆகவே ஆரி வகுப்புக்குப் போன தோழி ஒருத்தி இருந்தால் அவளைப் பிடியுங்கள். மயில், மாங்காய் வேண்டாம். கோணக் கோடு, விசிறி, படிப்படியாக ஏறும் கட்டம் இவைதான் அன்றைய கண்ணுக்குப் பிடித்தவை. தாமரையும் போடலாம், எகிப்துத் தாமரையாக. 1922 நவம்பரில் துட்டங்காமன் கல்லறை திறந்தபின் எகிப்து டிசைன் எல்லாத் துணியிலும் ஏறிவிட்டது. ஒன்று மட்டும் கவனம். மணி கனம். பழைய மணி உடைகள் பல இன்று தோளில் கிழிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம், போதாததற்கு உலோக உப்பு ஏற்றிக் கனமாக்கிய பட்டு வேறு. நாடகம் முடியும்வரை மணி உடையை ஹேங்கரில் மாட்டாமல் மடித்துப் படுக்கவையுங்கள். வீட்டில் தைத்தவர்கள் பெரும்பாலும் மணியைக் கழுத்தோரத்தோடும் இடுப்புப் பட்டியோடும் நிறுத்திக்கொண்டார்கள். இஸ்திரிப் பெட்டியால் துணியில் பதிக்கும் டிசைன் தாள்களைப் பேட்டர்ன் கம்பெனிகளே விற்றன. நீங்களும் அந்த அளவோடு நிறுத்தலாம்.

அம்மாவுக்கு வருகிறேன். நாடகங்களில் இவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஃப்ளாப்பர் காலம் என்றாலும் ஊரில் பாதிப் பெண்கள் பகல் முழுக்க வீட்டு உடையில்தான் இருந்தார்கள். கட்டம் போட்ட கிங்கம் பருத்தி, முன்னால் ஒன்றன்மேல் ஒன்று மடித்துக் கட்டுவது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க உணவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் பெயரால் 'ஹூவர் ஏப்ரன்' என்று ஒரு மேலுடை வந்தது. முன்பக்க மடிப்பு இரண்டு பக்கமும் மாற்றிக் கட்டலாம். அழுக்கானால் மறுபக்கத்தை மேலே கொண்டுவந்துவிடுவார்கள், வாசலில் விருந்தாளி வந்துவிட்டால் உயிரைக் காப்பாற்றும். சமையலறைக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அம்மா விருந்துக்குப் போகும் காட்சி இருந்து, நடிகைக்குக் குழாய் வடிவம் பொருந்தாமல் போனால், ழான் லான்வின் நிலைநாட்டிய 'ரோப் டி ஸ்டைல்' இருக்கிறது. மேலே அதே தளர்ந்த உடல், தாழ்ந்த இடுப்பு. கீழே மட்டும் டஃபேட்டாவில் கணுக்கால் பக்கம் வரை விரிந்த பாவாடை. அகலமான சீட் உள்ளவர்களுக்கு அந்தப் பத்தாண்டு வைத்த ஒரே கருணை அது என்பேன்.

பழைய பேட்டர்ன் அசலாக வேண்டுமென்றால் இணையத்தில் விற்கிறார்கள். ஆனால் ஒரு உறையில் ஒரே ஒரு அளவுதான் இருக்கும், தாள் தொட்டால் உதிரும், தையலுக்கு விட்ட இடம் பல கம்பெனிகளில் இன்றைய எட்டில் ஐந்து அங்குலத்தைவிடக் குறைவு. இளம் பெண்களின் பேட்டர்ன்களில் அளவுக்குப் பதில் 16 வயது, 18 வயது என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பாமல் மார்பு அங்குலத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய பேட்டர்ன்களை மறுபடி வரைந்து பல அளவில் விற்கும் சின்னக் கம்பெனிகளும் உண்டு, முதல் தடவைக்கு அதுதான் நல்லது. வெறுமனே பார்த்துக் கற்க, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பேட்டர்ன்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. அந்தக் காலத் தையல் புத்தகங்களும் பத்திரிகைகளும் பல, உரிமைக் காலம் முடிந்து இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. படத்தில் வரைந்த பெண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்பது தலை உயரத்துக்கு வரைந்திருப்பார்கள். புகைப்படங்களைப் பாருங்கள், சாதாரண உடம்பில் அந்த உடை எப்படி விழுந்தது என்று அப்போதுதான் தெரியும்.

அடி மடிப்பைக் கடைசியில் வையுங்கள். உடையை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, மறுநாள் நடிகைக்குப் போட்டுவிட்டு, அவள் மேடையில் போடப்போகும் செருப்போடு நிற்கவைத்துத் தரையிலிருந்து அளந்து குறியுங்கள். நெஞ்சை நிமிர்த்தி நின்றால் முன்பக்கம் தூக்கும். அன்றைய பெண்கள் தோளைத் தளர்த்தி, சீட்டைச் சற்று முன்னால் தள்ளி நின்றார்கள், பத்திரிகைப் படங்களில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அவளை அப்படி நின்று பழகச் சொல்லிவிட்டு அப்புறம் டேப்பை எடுங்கள்.